காவற்பணியில் சொல்லும் கேள்வியும்



கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, இரத்தினபுரியை அடைவதற்குச் சற்று முன்னர், குருவிட்ட என்னும் சிறு நகரம் இருக்கின்றது. களு கங்கையோடு சென்று கலக்கும் குரு கங்கை இப்பகுதியினூடே ஓடுகின்றது. இங்கிருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறிச் செல்லும் பழைய பாதையொன்றும் உண்டு. சுற்றிலும் இறப்பரும் தேயிலையும் பயிரான தோட்டங்கள். தோட்டங்களை அடுத்துச் சிங்களக் கிராமங்கள். தோட்டங்களின் உள்ளே தமிழ்க் குடும்பங்கள் வாழும் லயங்கள். பொலிஸ் சேவைக்குப் பயிலும் மாணவர்கள் கூடி வேலை செய்யவும் தமக்குள் பேசிக்கொள்ளவும் பழகவேண்டிய முறையைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். அதற்கு இந்தக் குருவிட்டப் பகுதியையே கரும்பலகையாக வைத்துக்கொள்ள எண்ணுகிறேன். இரு மொழிகள் அருகருகே வாழும் இடம் இது. அடைமழை பெய்யும் இடம். ஒரு சொல் தவறினால் ஓர் உயிர் தவறக்கூடிய இடம்.

களுத்துறையிலுள்ள பொலிஸ் கல்லூரியிலும் ஏனைய பயிற்சி நிலையங்களிலும் மாணவர் அணிநடை பழகுகின்றனர், சட்டம் படிக்கின்றனர், துப்பாக்கியைக் கையாளக் கற்கின்றனர். அணிநடை என்பது கூட்டு வேலையின் முதற்பாடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிலே ஒலிப்பது ஒருவர் குரல் மட்டுமே. மற்றவர்களின் கால்கள்தாம் மறுமொழி கூறுகின்றன. மைதானத்திலே அது போதும். நள்ளிரவிலே, மழையிலே, முன்பின் அறியாத ஒரு தோட்டப் பாதையிலே ஆறு பேர் ஒரு காரியத்தை நிறைவேற்றப் புறப்படும்போது கால்களின் மறுமொழி போதாது. வாயும் செவியும் வேலை செய்தாக வேண்டும்.

பொலிஸ் சேவையிலே நாம் தனி வீரரைப் போற்றுகிறோம், அது நியாயமே. எங்கள் சப்பிரகமுவா மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்து மாவனல்லையில், 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், உத்துவன்கந்தைச் சரதியேலைப் பிடிக்கச் சென்ற கொன்ஸ்டபிள் சபான் என்பவர் மம்மலே மரிக்காரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். கடமையின்போது உயிர் நீத்த முதற் பொலிஸ் வீரர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். மார்ச் 21ஆம் நாள் இன்றும் பொலிஸ் வீரர் தினமாக இருப்பது அதனால்தான். சபானின் துணிவைக் குறைத்துப் பேச எனக்கு நாவெழாது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். தகவல் கொண்டுவந்தவர் வேறு, முன்னே சென்றவர்கள் வேறு, பின்னே வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டவர்கள் வேறு. இத்தனை பேரும் சேர்ந்தே சரதியேலைப் பிடித்தார்கள். அவனும் மரிக்காரும் அவ்வாண்டு மே மாதம் 7ஆம் நாள் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். பாடசாலைக் கதைகளிலே மிஞ்சியிருப்பது துப்பாக்கிச் சத்தம் மட்டுமே. அதற்கு முன்னர் யார் யாரிடம் என்ன சொன்னார், அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதெல்லாம் கதையிலே வருவதில்லை. நான் பேச விரும்புவது அந்தக் கதையில் வராத பகுதியைப் பற்றித்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது கற்பனைதான், எனினும் தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு நம்பமுடியாத கற்பனையன்று. மாரிகாலத்து இரவு. ஒரு பொலிஸ் நிலையத்துக்குத் தோட்டத்துப் பெண்ணொருத்தி நனைந்துகொண்டு வருகிறாள். “ஐயா, எங்கள் மாமனார் காலையிலே விறகு பொறுக்கப் பத்தாம் நம்பர் மலைக்குப் போனவர். மத்தியானம் மேற்கணக்கு ஆட்கள் கண்டிருக்கிறார்கள். இன்னும் வீடு வந்து சேரவில்லை” என்கிறாள். கடமையிலிருக்கும் சார்ஜன்ட் சிங்களவர், நல்லவர், உடனே உதவ வேண்டும் என்று துடிக்கிறார். தமிழ் தெரிந்த இளம் கொன்ஸ்டபிள் ஒருவரை அழைக்கிறார். அவர் கிழக்கு மாகாணத்திலே பிறந்து வளர்ந்தவர். அவருடைய செவியிலே ‘மலை’ என்ற சொல் மலையாகவே விழுகின்றது. ‘கணக்கு’ என்ற சொல்லோ வரவுசெலவுக் கணக்காகத் தோன்றுகின்றது. தோட்டத்துத் தமிழிலே மலை என்றால் இலக்கமிடப்பட்ட ஒரு பயிர்நிலப் பகுதி. அது சரிவிலும் இருக்கலாம், ஆற்றங்கரையிலும் இருக்கலாம். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்பார்கள். இவ்விளைஞருக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம் தடுக்கின்றது. நிலையத்திலே தமிழுக்கென்று இருப்பவர் அவர் ஒருவர்தானே! “கிழவர் மலையேறிப் போனாராம், கணக்குக்காரர் யாரோ கண்டாராம்” என்று அவர் சிங்களத்திலே சொல்லுகிறார். தேடும் குழு தோட்டத்தின் உச்சியிலிருக்கும் காட்டை நோக்கிப் புறப்படுகின்றது. பத்தாம் நம்பர் மலையோ தொழிற்சாலைக்குக் கீழே, ஓடையோரத்திலே இருக்கின்றது.

இங்கே பொய் சொன்னவர் யார்? ஒருவருமில்லை. சோம்பியிருந்தவர் யார்? ஒருவருமில்லை. பெண் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், இளைஞர் மொழிபெயர்த்தார், சார்ஜன்ட் விரைந்து ஆளனுப்பினார். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தனர். வேலைக்கும் வேலைக்கும் இடையிலிருந்த மூட்டுத்தான் கழன்றுவிட்டது. கூட்டு வேலையிலே பெரும்பாலும் பழுதாவது இந்த மூட்டுகளே.

இதற்குப் பரிகாரம் பெரிய விஞ்ஞானமன்று. “பத்தாம் நம்பர் மலை எங்கே இருக்கிறது, அம்மா? தொழிற்சாலைக்கு மேலேயா, கீழேயா?” என்று ஒரு கேள்வி போதும். தோட்டத்து அலுவலகச் சுவரிலே ஒவ்வொரு மலையின் இலக்கத்தையும் காட்டும் படம் தொங்கும்; அதைப் பார்க்கலாம். அந்த மலையிலே தினமும் வேலை செய்யும் கங்காணியைக் கூட அழைத்துச் செல்லலாம். ஆனால் இவற்றுள் ஒன்று நடக்க வேண்டுமாயினும், அந்த இளம் கொன்ஸ்டபிள் தமக்கு விளங்கவில்லை என்று மேலதிகாரியின் முன்னே சொல்லத் துணிய வேண்டும். அப்படிச் சொன்னவரை இகழாத மேலதிகாரியும் வேண்டும். துப்பாக்கியின் முன் நிற்பதற்கு வேண்டிய துணிவைப் பற்றி மாணவருக்கு நிரம்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தத் துணிவைப் பற்றி அவ்வளவு சொல்வதில்லை.

சட்டம் இவ்விடயத்தை எண்ணிப் பார்த்திருக்கின்றது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை மாணவர்கள் படித்திருப்பார்கள். வாயால் சொல்லப்படும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியிலே எழுத இயலாதாயின், முறைப்பாட்டாளரையே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அவராலும் இயலாதாயின், காரணத்தைக் குறித்துவிட்டு, வேறொரு தேசிய மொழியிலே எழுதி, அவருக்கு விளங்கும் மொழியிலே பெயர்த்துச் சொல்லிக் காட்ட வேண்டும். பரீட்சைக்காக இதனை மனப்பாடம் செய்வோர் பலர். இது வெறும் எழுத்து வேலையா? அன்று. சொல்பவர், பெயர்ப்பவர், எழுதுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து செய்யும் கூட்டு வேலை இது. வாசித்துக் காட்டுதல் என்ற அந்தக் கடைசிப் படியிலேதான் முறைப்பாட்டாளர் தாமும் குழுவில் ஒருவராகிறார். “இல்லை ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை” என்று அவர் திருத்துவதற்குக் கிடைக்கும் வாய்ப்பு அது ஒன்றே. நேரமில்லையென்று அதனை விரைந்து ஒப்பேற்றிவிட்டு, “இங்கே கையெழுத்து வை” என்று தாளை நீட்டினால், தனக்கு விளங்காத மொழியிலே எழுதப்பட்ட தன் சொந்தக் கதையின் கீழே அப்பெண் பெருவிரலைப் பதிப்பாள். பின்னர் நீதிமன்றிலே அந்தத் தாள் அவளுக்கு எதிராகவே பேசவும் கூடும்.

1987இல் அரசியலமைப்புக்குச் செய்த 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மறு ஆண்டில் வந்த 16ஆம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள மாகாணங்களிலும் ஒருவர் தமிழிலே அதிகாரியுடன் தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும் உரிமை தந்தது. அரச சேவையிலே புதிதாகச் சேருவோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டிலே சுற்றறிக்கையும் வந்தது. எழுத்திலே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றது. ஆகவே குருவிட்டத் தோட்டமொன்றிலிருந்து வரும் ஒருவர் தமிழிலே பேசுவது எவரிடமும் கேட்கும் சலுகையன்று. இதைத் தோட்டத்து நேயர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரித்துச் சொன்னேன்.

ஒரு சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொள்ளுதல் நம் ஊர் விபத்து மட்டுமன்று. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், கனாரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபிலே, மூடுபனியின் நடுவே இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலே மோதி 583 பேர் மாண்டனர். ஒரு விமானத்திலிருந்து போன செய்தியை, அது புறப்படத் தயாராய் நிற்கிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலே இருந்தவர் விளங்கிக்கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது. அந்த விமானத்தின் பொறியியலாளருக்கு ஐயம் எழுந்தது. மற்ற விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று அவர் கேட்டார். அனுபவம் மிகுந்த தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. அந்தப் பொறியியலாளரின் கேள்விதான் அன்று அவ்விடத்திலே பேசப்பட்ட மிகச் சரியான பேச்சு. அது இன்னொரு முறை, இன்னும் சற்று உரத்து ஒலித்திருக்குமாயின்! பின்னர் விமானத் துறையார் இரண்டு காரியங்கள் செய்தார்கள். புறப்படுதல் என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதன்றி வேறெப்போதும் வழங்குவதில்லை என்று விதித்தார்கள். இளையவர் தம் ஐயத்தைச் சொல்லவும் மூத்தவர் அதைக் கேட்கவும் பயிற்சி வகுத்தார்கள்.

இதைச் சொன்னால், கட்டுப்பாடு குலைந்துவிடாதா என்று சில மூத்த அதிகாரிகள் கேட்கக்கூடும். பொலிஸ் படையிலே பதவிப் படிகள் தேவை. கட்டளை வந்தபின் விவாதம் கூடாது. இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கதவை உடைத்து உள்ளே புகும் நேரத்திலே கருத்தரங்கு நடத்த முடியுமா? ஆனால் கட்டளைக்கு முன்னே ஒரு வேளை உண்டு. காரியம் முடிந்தபின்னும் ஒரு வேளை உண்டு. புறப்படுமுன் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிறுத்தி, எங்கே போகிறோம், எதற்காக, யார் எந்த இடத்தில் நிற்பது, வழி தவறினால் எங்கே கூடுவது என்று சொல்ல வேண்டும். சொன்னபின் “விளங்கிற்றா?” என்று மட்டும் கேட்பதிலே பயனில்லை. அந்தக் கேள்விக்கு உலகத்திலே உள்ள எல்லா மாணவரும் “விளங்கிற்று, சேர்” என்றுதான் சொல்வார்கள். கடைசி வரிசையிலே நிற்கும் இளையவரைப் பார்த்து, “நீர் எங்கே நிற்கப் போகிறீர், சொல்லும் பார்ப்போம்” என்று கேட்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்வது தவறாக இருந்தால், தவறு அவருடையது என்று முடிவு கட்டுவதற்கு முன், சொன்னவர் தாம் சொன்னதை எண்ணிப் பார்ப்பது நன்று.

திருப்பிச் சொல்லச் செய்தல் தோட்டத்துக்குப் புதிதன்று. முன்னாளில் விடியுமுன்னே தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைப்பார்கள். பிரட்டுக்களத்திலே இன்னார் இன்ன மலைக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் புல்வெட்டுக்கு என்று பேர் சொல்லிப் பிரித்துவிடுவார்கள். அந்தத் தப்பின் அடியிலே, இது பிரட்டுக்கா, சாவுக்கா, திருவிழாவுக்கா என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பழைய பிரட்டிலே அதட்டலும் அவமதிப்பும் இருந்தன. அதை நான் மறக்கவில்லை, மீட்டுக்கொண்டு வரச் சொல்லவுமில்லை. ஆனால் ஓர் ஒலிக்கு ஒரு பொருள் என்ற அந்த ஒழுங்கைப் பொலிஸ் மாணவர்கள் கற்றுக்கொள்ளலாம். கையடக்க வானொலிக் கருவியிலே பேசும்போது அது மிகவும் தேவை. முதலில் யாரை அழைக்கிறோம் என்பது, பின்னர் நாம் யார் என்பது, பின்னர் செய்தி, அவ்வளவே. ஒருவர் பேசிக்கொண்டிருக்க நால்வர் இடைபுகுந்தால் அவசரச் செய்தி அந்த இரைச்சலுக்குள்ளே அமிழ்ந்துபோகும்.

செய்தி உரியவரிடம் போய்ச் சேராமையால் பொலிஸ் பணியிலேயே நேர்ந்த பெருந்துயரம் ஒன்றுண்டு. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலே, ஹில்ஸ்பரோ மைதானத்துக்கு உதைபந்தாட்டம் பார்க்க வந்த கூட்டம் வெளியே நெருக்குண்டது. உயிர்ச்சேதம் நேருமோ என்று அஞ்சிய அதிகாரி வெளிவாயிலைத் திறக்கும்படி வேண்டினார். திறக்கும்படி கட்டளையும் பிறந்தது. அந்த வாயிலுக்கு நேரே ஒரு சுரங்கவழி. அதன் முடிவிலே ஏற்கெனவே நிரம்பி வழிந்த அடைப்புகள். வருவோரைப் பக்கத்து அடைப்புகளுக்குத் திருப்புங்கள், சுரங்கவழியை மூடுங்கள் என்ற இரண்டாவது கட்டளை எவருக்கும் போகவில்லை. 97 பேர் இறந்தனர். அவர்களுள் 96 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று விசாரணைச் சபையினர் தீர்ப்புக் கூறியபோது 2016ஆம் ஆண்டாகிவிட்டது. கட்டளை இடுவோர், “இதனால் அடுத்த இடத்தில் நிற்பவருக்கு என்ன ஆகும்? அவருக்கு யார் சொல்வது?” என்று கேட்கப் பழகாதிருந்ததன் விளைவு அது. சிவனொளிபாத யாத்திரைக் காலத்திலே, மார்கழிப் போயா முதல் வெசாக் வரை, ஒடுங்கிய படிகளிலே பெருங்கூட்டத்தைக் காக்கும் காவலர் இதனை மனத்தில் இருத்த வேண்டும். மேலே ஒரு வழியை மறித்தால் கீழே நிற்பவருக்கு அது உடனே தெரிய வேண்டும்.

இனிக் குருவிட்டவுக்கே திரும்புவோம். இம்மாவட்டத்து மக்களுக்கு மழை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்திலும் மண்சரிவிலும் தென்மேற்கு மாவட்டங்களில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; இரத்தினபுரி மாவட்டம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. 2017 மே மாதத்தில் மீண்டும் இதே துயரம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் மழையின் அளவைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறார்கள். 24 மணி நேரத்திலே 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஆனாலும், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும், வெளியேறிவிட வேண்டும். இவை தெளிவான எண்கள். இந்த எண்கள் கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் தோட்டத்துத் துரைக்கும் வருகின்றன. கடைசியாக ஒரு லயத்துக் காம்பராவின் கதவுக்கு வர வேண்டும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பல வேளைகளில் ஓர் இளம் கொன்ஸ்டபிளின் குரல்தான்.

ஊவா மாகாணத்திலே கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே மண்சரிவு அங்கிருந்த லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பிலே இருந்தது; மக்கள் லயத்திலே இருந்தார்கள். துயரம் அதனோடு முடியவில்லை. காணாமற்போனவர் நூற்றுக்கணக்கானோர் என்று முதலிலே சொன்னார்கள்; பின்னர் அந்தத் தொகை பன்மடங்கு குறைந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை, வேலைக்குப் போனவர்கள் எத்தனை, விருந்தாளியாக வந்திருந்தவர்கள் எத்தனை என்று கூட்டிப் பார்த்துச் சொல்ல ஒரே இடம் இருக்கவில்லை. எங்கே தோண்டுவது, எத்தனை பேரைத் தேடுவது என்று தெரியாமல் மண்ணைத் தோண்டுவோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் பொலிஸ் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லிவைக்கிறேன். வகுப்பறையிலே வேண்டாம், ஒரு தோட்டத்திலே, துரையின் அனுமதியோடு, மழையில்லாத ஒரு மாலையிலே செய்து பாருங்கள். ஆறு மாணவர், ஒரு கங்காணி, லயத்துப் பெண்களில் ஒருவர். ஒரு லயத்து மக்களை அரை மணி நேரத்திலே பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. சிங்கள மாணவர் தமிழிலே நான்கு வாக்கியங்கள் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும்: “மலை சரியப் போகிறது. உடனே வெளியே வாருங்கள். வீட்டில் எத்தனை பேர்? நடக்க முடியாதவர் யாராவது உள்ளே இருக்கிறாரா?” அந்த முதல் வாக்கியத்தையே லயத்துப் பெண் திருத்துவாள். “மலை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் தேயிலை மலை என்று நினைப்பார்கள், தம்பி. மண் சரியப் போகிறது என்று சொல்லுங்கள்” என்பாள். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் எல்லோரும் வட்டமாக அமர்ந்து என்ன தவறியது என்று பேசுங்கள். முதலிலே பேசுபவர் குழுவிலே மிக இளையவராக இருக்கட்டும். மூத்தவர் முதலிலே பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள்.

இன்னொன்று. மக்களை ஏற்றிக்கொண்டு லொறி புறப்படுமுன் கொன்ஸ்டபிள் தலைகளை எண்ணட்டும். கங்காணி காம்பரா காம்பராவாகப் பெயரைச் சொல்லி எண்ணட்டும். கொன்ஸ்டபிள் நாற்பத்தொன்று என்கிறார். கங்காணி நாற்பத்திரண்டு என்கிறார். மழை கொட்டுகிறது, சாரதி அவசரப்படுத்துகிறார். அந்த நேரத்திலே, “என் கணக்குப் பிழையாயிருக்கலாம், போவோம்” என்று கங்காணி பின்வாங்கக் கூடாது. “நான் எண்ணியது சரி” என்று கொன்ஸ்டபிள் சாதிக்கவும் கூடாது. இருவரும் சேர்ந்து மறுபடி எண்ணட்டும். மறுபடியும் ஒன்று குறைந்தால், ஒருவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஏழாம் காம்பராவுக்குத் திரும்பிப் போகட்டும். காது கேளாத பாட்டி ஒருத்தி அங்கே உறங்கிக்கொண்டிருக்கக் கூடும்.